ஒளித்து வைக்காத புதையல்

கோவை மாநகரின் வடபால், சத்தியமங்கலம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது எங்கள் சரவணம்பட்டி. ஒரு தலைமுறைக்கு முன்பு வயல்களும் தோட்டங்களும் சூழ்ந்த சிற்றூராக விளங்கிய இவ்வூர், 2011-ஆம் ஆண்டில் கோவை மாநகராட்சியுடன் இணைந்தது. கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் இன்று வானளாவ எழுந்து நிற்கின்றன. பிள்ளைகள் ஓடியாடிய வெளிகள் குறைந்துவிட்டன. பள்ளி விட்டு வந்தால் கைப்பேசி, உணவு உண்ணும்போதும் கைப்பேசி, உறங்கும் முன்பும் கைப்பேசி என்றாகிவிட்ட இல்லங்களுள் எங்கள் இல்லமும் ஒன்று.

கடந்த கோடை விடுமுறையில் எங்கள் இல்லத்தில் நடைபெற்ற ஒரு சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

ஏழாம் வகுப்பு முடித்திருந்த என் மகன், ஒரு நாள் காலையில் பழைய எவர்சில்வர் டிபன் டப்பா ஒன்றை எடுத்து, அதனுள் ஒரு சிறு நோட்டு, பென்சில், இரண்டு கோலிக்குண்டுகள் ஆகியவற்றை வைத்து மூடி, வெளியே கறுப்பு நிற ஒட்டுநாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தான். "என்ன செய்கிறாய்?" என்று வினவினேன்.

"அத்தா, இதற்கு ஜியோகேச்சிங் என்று பெயர். இந்தப் பெட்டியைப் பேருந்து நிறுத்தத்தின் பின்னால் உள்ள புதரில் ஒளித்து வைப்பேன். இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் வெளியிடுவேன். முன்பின் தெரியாத ஒருவர் அந்த எண்களைக் கொண்டே வந்து கண்டுபிடிப்பார்" என்று உற்சாகமாக விளக்கினான்.

அருகில் அமர்ந்திருந்த என் தாயார் அந்தப் பெட்டியைப் பார்த்தார். அவர் முகம் வாடியது. "வேண்டாம் தங்கம். யாருடையது என்று தெரியாத பெட்டி இந்த ஊரில் விளையாட்டுப் பெட்டி ஆகாது" என்று மெல்லிய குரலில் கூறினார்.

என் தாயார் கோட்டைமேட்டில் பல்லாண்டுகள் வாழ்ந்தவர். 1997-ஆம் ஆண்டின் இறுதியில் நிகழ்ந்த கலவரத்தையும், 1998 பிப்ரவரி 14 அன்று 58 உயிர்களைப் பறித்த தொடர் குண்டுவெடிப்புகளையும் இந்நகரில் இருந்தே கண்டவர். அந்நாட்களின் துயரத்தை எல்லாச் சமூகத்தாரும் சுமந்தார்கள். உயிரிழந்தோரின் குடும்பங்கள் சுமந்தன. எக்குற்றமும் செய்யாதிருந்தும் தம் பெயரைக் கேட்டதும் ஐயத்துடன் நோக்கப்பட்ட நம் வீட்டுப் பிள்ளைகளும் சுமந்தார்கள். அவ்வாண்டில் என் மகன் பிறக்கவே இல்லை. நன்னி ஏன் தடுக்கிறார் என்பது அவனுக்கு விளங்கவில்லை. பெட்டியை மேசை மீது வைத்துவிட்டு, மீண்டும் கைப்பேசியைக் கையில் எடுத்துக்கொண்டு மூலையில் அமர்ந்துவிட்டான்.

என் தாயாரின் அச்சம் நியாயமானது. என் மகனின் ஆர்வமும் நியாயமானது. நெடுநாட்களுக்குப் பின் வீட்டை விட்டு வெளியே செல்ல விரும்பிய பிள்ளையை மீண்டும் கைப்பேசிக்கே அனுப்பிவிட்டோமே என்ற வருத்தம் என்னை வாட்டியது. எனவே இவ்விளையாட்டைப் பற்றி முதலில் நானே படித்தறிய முற்பட்டேன். அறிந்தவற்றை வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

விளையாட்டு பிறந்த கதை

இதன் கதை ஒரு விமான விபத்தில் தொடங்குகிறது. 1983 செப்டம்பர் 1 அன்று, தென்கொரியப் பயணிகள் விமானம் ஒன்று வழி தவறிச் சோவியத் நாட்டின் வான்வெளிக்குள் புகுந்து, போர் விமானத்தால் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 269 பேரும் மாண்டனர். தாம் எங்கே பறக்கிறோம் என்பதை விமானிகள் துல்லியமாக அறிந்திருந்தால் இப்பேரிழப்பு நேர்ந்திராது. அமெரிக்க இராணுவம் தன் பயன்பாட்டுக்காக உருவாக்கி வந்த ஜி.பி.எஸ். என்னும் செயற்கைக்கோள் வழிகாட்டும் முறை, நிறைவுற்றதும் உலகின் பொதுப் போக்குவரத்துக்கும் இலவசமாக வழங்கப்படும் என அதன் பின்னரே அதிபர் ரீகனின் அரசு அறிவித்தது.

பூமிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் இச்செயற்கைக்கோள்கள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. அவை இடையறாது நேரத்தை அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை வந்து சேரும் நேர வேறுபாட்டைக் கொண்டு, நம் கையிலுள்ள கருவி தான் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது. கருவி எதையும் அனுப்புவதில்லை, பெறுவது மட்டுமே செய்கிறது. ஆகவே இணைய இணைப்பு இல்லாத இடத்திலும் அது இயங்கும்.

தொடக்கத்தில் பொதுமக்களுக்குரிய சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. அதனால் காட்டப்படும் இடம் 100 மீட்டர் வரை தவறக்கூடும். 2000-ஆம் ஆண்டு மே 2 அன்று அந்தக் கலப்பு நிறுத்தப்பட்டது. ஒரே இரவில் உலகெங்குமுள்ள கருவிகள் பன்மடங்கு துல்லியம் பெற்றன. மறுநாளே, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் இத்துல்லியத்தைச் சோதிக்க விரும்பி, ஒரு கறுப்பு வாளியைக் காட்டோரத்தில் வைத்து, இடத்தைக் குறிக்கும் எண்களை மட்டும் அறிவித்தார். வாளியில் ஒரு குறிப்பேடும், பென்சிலும், சில சிறு பொருள்களும் இருந்தன. கண்டுபிடிப்பவர் குறிப்பேட்டில் பெயரெழுத வேண்டும், ஒரு பொருளை எடுத்தால் மற்றொன்றை வைக்க வேண்டும் என்பதே விதி. சில நாட்களுக்குள் மைக் டீக் என்பவர் அதைக் கண்டுபிடித்தார். இன்று உலகெங்கும் 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட இத்தகைய பெட்டிகள் உள்ளன. நம் நாட்டில் இப்பழக்கம் பெரிதாகப் பரவவில்லை.

விமானியின் கணக்கு, பிள்ளையின் கணக்கு

மேலைநாடுகளில் சிறு விமானங்களைத் தாமே ஓட்டிச் செல்வோர் பலர் இவ்விளையாட்டில் ஈடுபடுகின்றனர். விடுமுறை நாளில் குடும்பத்துடன் ஏதேனும் ஒரு சிறிய விமானத் தளத்தில் இறங்கி, வேலிக்கு வெளியே அருகிலுள்ள பெட்டியைத் தேடிக் கண்டு, உணவருந்தித் திரும்புவது அவர்களுக்கு உவப்பான பொழுதுபோக்கு. வானில் எந்த எண்களைக் கொண்டு வழியறிகிறார்களோ, அதே எண்களைக் கொண்டு தரையில் தம் பிள்ளைகளுடன் நடக்கிறார்கள்.

நம்மிடம் விமானம் இல்லை. ஆயினும் அந்த எண்கள் நமக்கும் பொது. பூமியின் ஒவ்வொரு பாகையும் (டிகிரி) 60 நிமிடங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வடக்குத் தெற்காக ஒரு நிமிடத் தொலைவே ஒரு கடல்மைல், அதாவது 1.852 கி.மீ. மாலுமிகளும் விமானிகளும் இன்றளவும் கடல்மைலைக் கைவிடாததற்குக் காரணம் இதுவே. வரைபடத்தில் நிமிடங்களை எண்ணினால் தொலைவு தானே கிடைத்துவிடும்.

எங்கள் ஊரிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 7 கி.மீ. தொலைவில் கோவை விமான நிலையம் உள்ளது. அதன் ஓடுபாதைக்கு ஒரு முனையில் 05 என்றும், மறுமுனையில் 23 என்றும் பெயர். ஏதோ வரிசை எண் என்றே நான் எண்ணியிருந்தேன். உண்மையில் அவை திசைகள். வடக்கிலிருந்து வலமாக ஏறத்தாழ 50 பாகை நோக்கி, அதாவது வடகிழக்கு நோக்கி ஓடினால் 05. எதிர்த்திசையில், 230 பாகை நோக்கி ஓடினால் 23. கடைசிச் சுழியத்தை நீக்கி எழுதுகிறார்கள். இதனை அறிந்த நாள் முதல் என் மகன் தன் அறைக் கதவுக்கும், எங்கள் தெருவுக்கும் ஓடுபாதை எண் சூட்டி வருகிறான்.

இந்தியாவும் இத்துறையில் பின்தங்கிவிடவில்லை. இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் இணைந்து, ஜி.பி.எஸ். சமிக்ஞையின் பிழைகளைத் திருத்தித் தரும் 'ககன்' முறையை உருவாக்கியுள்ளன. 2022 ஏப்ரல் 28 அன்று ராஜஸ்தானின் கிஷன்கர் விமான நிலையத்தில் ஒரு பயணிகள் விமானம் இம்முறையைத் துணைகொண்டு தரையிறங்கியது. நம் நாட்டின் சொந்த வழிகாட்டு முறையாகிய 'நாவிக்' அமைப்பின் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று ஏவப்பட்டது. விமானியாக வேண்டும், விஞ்ஞானியாக வேண்டும் என்று கனவு காணும் பிள்ளைகளுக்கு இவ்விளையாட்டு நல்லதோர் அரிச்சுவடி.

நம் முன்னோர் அறிந்த கலை

தான் நிற்கும் இடத்தை அறிதல் நம் முன்னோருக்குப் புதிய கலை அன்று. தொழுகையின் நேரத்தையும் கிப்லாவின் திசையையும் அறிய வேண்டிய தேவையே முஸ்லிம் அறிஞர்களை வானியலிலும் புவியியலிலும் ஆழ்ந்து ஈடுபடச் செய்தது. நகரங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை நிர்ணயிப்பது குறித்து அல்பிரூனி ஒரு தனி நூலே இயற்றி, 1025-ஆம் ஆண்டில் நிறைவு செய்தார். கஸ்னா நகரின் கிப்லாவைச் சரிவரக் கணிப்பது அந்நூலின் நோக்கங்களுள் ஒன்று.

நம் தமிழகத்திலும் இதற்குச் சான்றுண்டு. இந்திய நாட்டை முக்கோணங்களாகப் பகுத்து அளந்த பெரும்பணி, 1802-ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் ஏறத்தாழ 12 கி.மீ. நீள அடிக்கோட்டை அளந்ததில் தொடங்கியது. பின்னர் ஜார்ஜ் எவரெஸ்ட் அப்பணியைத் தொடர்ந்தபோது, அதற்குரிய நுண்கருவிகளைச் செப்பனிட்டுத் தந்தவர் நம் ஆற்காட்டைச் சேர்ந்த செய்யது மீர் முஹ்சின் ஹுசைன். ஹென்றி பாரோ என்னும் ஆங்கிலேய வல்லுநர் விலகிய பின், நில அளவைத் துறையின் கணிதக் கருவிப் பொறுப்பு இவரிடமே ஒப்படைக்கப்பட்டது. எவரெஸ்ட் சிகரத்தின் பெயரை அறியாத பிள்ளை இல்லை. ஆற்காட்டு முஹ்சின் ஹுசைனின் பெயரை நம் இல்லங்களில் எத்தனை பேர் அறிவோம்?

அன்றாட வாழ்விலும் இக்கணக்கு நம்முடன் கலந்தே இருக்கிறது. சென்னையின் தொழுகை நேர அட்டவணையையும் கோவையின் அட்டவணையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கோவையில் லுஹர் நேரம் ஏறத்தாழ 13 நிமிடங்கள் பிந்தி வரும். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடங்கள் ஆகின்றன. கோவை சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ 3.3 பாகை தள்ளி இருக்கிறது. பெருக்கிப் பார்த்தால் விடை தானே வரும். இந்த ஒரு கணக்கைச் செய்து முடித்த நாளில், எட்டாம் வகுப்பில் தீர்க்கரேகையைக் கண்டு அஞ்சிய என் மகள், "இவ்வளவுதானா அத்தா!" என்று வியந்தாள்.

பெட்டியில்லாத தேடல்

இனி, என் தாயாரின் அச்சத்துக்கு வருவோம். அது கோவைக்கு மட்டும் உரியதன்று. 2011-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வெதர்பி என்னும் ஊரில், ஓர் உணவகத்தின் வெளியே ஒருவர் குனிந்து ஏதோ வைப்பதைக் கண்டவர்கள் காவல்துறைக்குத் தகவல் தந்தனர். தெரு வெறுமையாக்கப்பட்டது. இராணுவ வல்லுநர்கள் வந்து பெட்டியை வெடிக்கச் செய்து அழித்தனர். அது இவ்விளையாட்டுக்காக வைத்த சிறு பெட்டி என்பது பின்னரே தெரிந்தது. அமைதியான ஒரு சிற்றூரிலேயே இந்நிலை என்றால், ஆறாத வடுவைச் சுமக்கும் ஒரு நகரில், அதுவும் நம் வீட்டுப் பிள்ளை, சாலையோரப் புதரில் ஒரு பெட்டியைச் செருகினால் என்னவாகும்? சட்டம் குற்றமற்றவன் எனக் கூறும் நாள் வரும் முன், அப்பிள்ளையின் படிப்பும் குடும்பத்தின் நிம்மதியும் என்னவாகும்? இதனை நாம் வெளிப்படையாகப் பேசியே ஆக வேண்டும்.

ஆனால் இவ்விளையாட்டில் பெட்டியே இல்லாத வகைகளும் உண்டு என்பது படித்தபோதுதான் தெரிந்தது. குறிப்பிட்ட இடத்துக்குச் சென்று, அங்குள்ள பாறை, நீர்நிலை, மண்ணின் அமைப்பு ஆகியவற்றை உற்றுநோக்கி, கேட்கப்பட்ட வினாக்களுக்கு விடை காண்பது ஒரு வகை. இது 2004 முதல் வழக்கில் உள்ளது. மற்றொன்று இதற்கும் மூத்தது. அட்சரேகையும் தீர்க்கரேகையும் பின்னமில்லா முழு எண்களாகச் சந்திக்கும் புள்ளிகளைத் தேடிச் சென்று படம் எடுத்துப் பதிவு செய்யும் முயற்சி 1996-ஆம் ஆண்டில் அலெக்ஸ் ஜாரெட் என்னும் அமெரிக்கரால் தொடங்கப்பட்டது. புள்ளிக்கு 100 மீட்டருக்குள் சென்றுவிட்டாலே வெற்றி. ஒளிக்கவும் வேண்டாம், தோண்டவும் வேண்டாம்.

அத்தகைய புள்ளி ஒன்று நம் கோவை நகருக்குள்ளேயே இருக்கிறது என்றால் வியப்பாக இல்லையா? வடக்கு 11 பாகையும் கிழக்கு 77 பாகையும் சந்திக்கும் இடம், இராமநாதபுரம் சிங்காநல்லூர்ப் பகுதியில் விழுகிறது. எங்கள் சரவணம்பட்டியும் அதே 77 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டியே அமைந்துள்ளது. அட்சரேகையில் மட்டும் ஏறத்தாழ 5 நிமிடம் வடக்கே. அப்படியானால் நேர் தெற்கே 9 கி.மீ. தொலைவில் அப்புள்ளி இருக்க வேண்டும் என்று என் மகளே கணக்கிட்டுச் சொன்னாள்.

ஒரு ஞாயிறன்று ஸுப்ஹு தொழுகைக்குப் பின் குடும்பத்துடன் புறப்பட்டோம். புள்ளியைச் சரியாக மிதிப்பதற்காகப் பிறர் வளாகத்துள் நுழையலாகாது, பொதுத் தெருவிலேயே நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டோம். மகன் கைப்பேசியில் எண்களை வாசிக்க, மகள் குறிப்பேட்டில் எழுத, கடைசி இலக்கங்கள் குறையக் குறைய எங்கள் நடை விரைந்தது. கைப்பேசியின் எண்களில் புள்ளிக்குப் பின் சுழியங்கள் வரிசையாக நின்ற கணத்தில் பிள்ளைகள் எழுப்பிய ஆரவாரத்தை என்னென்பது! வீட்டு வாசலில் கோலமிட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மையார் நிமிர்ந்து, "என்ன தேடுகிறீர்கள்?" என்று வினவினார். மகன் அவரிடம் கைப்பேசியைக் காட்டி, இதே கோட்டில் நேர் வடக்கே சென்றுகொண்டே இருந்தால் பானிபத் அருகே போய்ச் சேரலாம் என்று விளக்கினான். அவர் தம் பேரனையும் அழைத்துக் கேட்கச் செய்தார். யாரும் யாரையும் ஐயுறவில்லை. மறைக்க எதுவும் இல்லாதபோது ஐயத்துக்கு இடமேது?

ஒளிக்காத பெட்டி

எனினும், பெட்டியைத் திறந்து பார்க்கும் இன்பத்தைப் பிள்ளைகளிடமிருந்து முற்றிலும் பறிக்க மனம் வரவில்லை. எங்கள் பகுதியில் நெடுங்காலமாக வேளாண்மை செய்துவரும் கவுண்டர் ஒருவரின் தோட்டத்துக்கு மகனுடன் சென்று விவரத்தைக் கூறினேன். நான் தயங்கித் தயங்கிப் பேசுவதைக் கண்ட அப்பெரியவர், "இதற்கென்ன பாய், நம் தோட்டத்திலேயே வையுங்கள். கிணற்றோரம் மட்டும் வேண்டாம், வேப்பமரத்தடியில் வையுங்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் தேடட்டும்" என்றார்.

கறுப்பு நாடா சுற்றிய டப்பாவைக் கைவிட்டு, உள்ளிருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றை மகன் தேர்ந்தெடுத்தான். மூடியின் மேல், "இது சிறுவர் விளையாட்டுப் பெட்டி. தோட்ட உரிமையாளரின் அனுமதியுடன் வைக்கப்பட்டது" என்று கொட்டை எழுத்தில் எழுதி, என் தொலைபேசி எண்ணையும் குறித்தான். இப்போது அத்தோட்டத்தில் ஒன்று, எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒன்று, கீரணத்தத்தில் உள்ள என் நண்பரின் வீட்டு முற்றத்தில் ஒன்று என மூன்று பெட்டிகள் உள்ளன. எண்களை அறிந்தவர்கள் மூன்று குடும்பத்தாரும் அவர்தம் உறவினரும் மட்டுமே. வாரந்தோறும் பெட்டியின் இடம் மாறும். உள்ளே கதைப்புத்தகம், தபால்தலை, விதைகள், சில வேளை ஒரு கணக்குப் புதிர். பிள்ளைகள் சைக்கிளில் கிளம்பிவிடுகிறார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் எங்கள் மொட்டை மாடிக்கு வருகிறார்கள். ஒரே ஊரில் வாழ்ந்தும் ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் நுழையாதிருந்த நிலை, ஒரு பிளாஸ்டிக் டப்பாவால் மாறியது.

பெற்றோர் கவனத்துக்கு

இம்முயற்சியில் ஈடுபட விரும்பும் குடும்பங்கள் கருத்தில் கொள்ள வேண்டியவை சில:

பேருந்து நிறுத்தம், இரயில் நிலையம், வணிக வளாகம், எந்த மதத்தின் வழிபாட்டிடம் ஆயினும் அதன் சுற்றுப்புறம், பாலம் ஆகிய பொது இடங்களில் பெட்டி வைத்தல் கூடவே கூடாது. உரிமையாளரின் அனுமதி பெற்ற தனியிடத்தில் மட்டுமே வைக்கலாம். எதையும் மண்ணில் புதைக்கலாகாது.

சூலூர் விமானப்படைத் தளம், விமான நிலையத்தின் சுற்றுச்சுவர் போன்ற பாதுகாப்புப் பகுதிகளின் அருகே கைப்பேசியும் கையுமாகத் தேடித் திரிதல் ஆகாது. மருதமலை, தடாகம், ஆனைகட்டிப் பக்கங்களில் யானை நடமாட்டம் உண்டு. வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டுக்குள் காலடி வைக்கலாகாது.

சாதாரணக் கைப்பேசியே போதுமானது. செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிகளை உரிய உரிமம் இன்றி நம் நாட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். வெளிநாட்டில் பணிபுரியும் உறவினர் அன்பளிப்பாக அனுப்பினாலும் ஏற்காதீர்கள்.

திறந்த வெளியில் கைப்பேசி ஏறத்தாழ 5 மீட்டர் துல்லியத்தில் இடத்தைக் காட்டும். உயர்ந்த கட்டடங்களின் இடையிலும் அடர்ந்த மரநிழலிலும் பிழை கூடும். எனவே இறுதிச் சில அடிகளில் கைப்பேசியை உறைக்குள் வைத்துவிட்டுக் கண்களால் தேடச் சொல்லுங்கள். இதில் பிள்ளைகளின் கூர்மை வளரும்.

கொங்கு நாட்டு வெயில் கடுமையானது. காலை வேளையோ, அஸருக்குப் பின் மஃரிபுக்குள்ளாகவோ சென்று திரும்புதல் நலம். குடிநீரும் காலணியும் இன்றியமையாதவை. கல்லிடுக்கிலும் புதரிலும் வெறுங்கையை நுழைக்காமல் முதலில் குச்சியால் தட்டிப் பார்க்கப் பழக்குங்கள். கைப்பேசியைப் பார்த்தபடி சாலையைக் கடக்க ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். பெண்பிள்ளைகளை வீட்டில் விட்டுச் செல்லாதீர்கள். தாயும் உடன் வந்தால் அதுவே குடும்பச் சுற்றுலா ஆகிவிடும்.

இவ்விளையாட்டினர் 2002 முதல் ஒரு நல்ல வழக்கத்தைக் கடைப்பிடிக்கின்றனர். தேடச் செல்லும் இடத்தில் கிடக்கும் குப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு திரும்புவதே அது. பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதையும் நற்செயலாகக் கொள்ளும் நமக்கு இதைப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. தேடச் செல்லும்போதெல்லாம் ஒரு கோணிப்பையையும் எடுத்துச் செல்வது எங்கள் வழக்கமாகிவிட்டது.

நன்னியின் தொழுகை விரிப்பு

மே மாதத்தின் இறுதியில் மேலும் ஒன்று நிகழ்ந்தது. ஆண்டுக்கு இருமுறை, மே 27, 28 ஆகிய நாட்களிலும் ஜூலை 15, 16 ஆகிய நாட்களிலும், கதிரவன் கஃபாவின் நேர் உச்சிக்கு வருகிறது. மே மாதத்தில் அக்கணம் நம் நேரப்படி பிற்பகல் 2 மணி 48 நிமிடம். ஜூலை மாதத்தில் 2 மணி 57 நிமிடம். அந்நேரத்தில் கதிரவன் தெரியும் எந்த ஊரில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டாலும், நிழலின் நுனியிலிருந்து குச்சியின் அடியை நோக்கிய திசையே கிப்லா.

மே 28 அன்று எங்கள் மொட்டை மாடியில் பிள்ளைகள் குச்சியை நட்டுக் காத்திருந்தனர். வானம் தெளிவாக இருந்தது. குறித்த நிமிடத்தில் சுண்ணக்கட்டியால் நிழலின் மேல் கோடு வரைந்தனர். எங்கள் ஊரின் எண்களையும் மக்காவின் எண்களையும் கொண்டு முந்தைய நாளே கணக்கிட்டு வைத்த விடை 291 பாகை. அதாவது நேர் மேற்கிலிருந்து வடக்கே 21 பாகை. கோடும் கணக்கும் ஒன்றாயின. 4,100 கி.மீ.க்கு அப்பாலுள்ள புனித ஆலயத்தின் திசையைத் தம் கையாலேயே கண்டறிந்த மகிழ்ச்சியில் பிள்ளைகள் நன்னியைக் கைப்பிடித்து மேலே அழைத்து வந்தனர்.

தம் அறையின் சுவரை ஒட்டி, நேர் மேற்கு நோக்கியே விரிப்பை விரித்துவந்த என் தாயார் அந்தச் சுண்ணக்கோட்டை நெடுநேரம் நோக்கி நின்றார். மறுநாள் பள்ளிவாசல் இமாம் அவர்களிடம் விளக்கம் கேட்டுவரச் செய்தார். அறிந்துகொண்ட பின் அத்திசையை முன்னோக்குவதே சிறப்பு, அறியாதிருந்த நாட்களின் தொழுகை குறித்துக் கலங்க வேண்டியதில்லை என அவர்கள் ஆறுதல் கூறினார்கள். அன்று முதல் என் தாயாரின் விரிப்பு சுவரை விட்டுச் சற்றே வலப்புறம் திரும்பி இருக்கிறது.

கறுப்பு டப்பாவைக் கண்டு முகம் வாடிய அதே நன்னி, இப்போது சனிக்கிழமை இரவுகளில், "நாளைக்கு எந்த எண்?" என்று பேரப்பிள்ளைகளிடம் கேட்கிறார்.

பெற்றோர்களே! கைப்பேசியைப் பிள்ளைகளின் கையிலிருந்து பிடுங்குவது இனி எளிதன்று. அதே கைப்பேசியைத் துணையாகக் கொண்டு அவர்களை வெளியே அழைத்துச் செல்ல நம்மால் முடியும். மறைவில் எதையும் வைக்காமல், அண்டை அயலாரின் அனுமதியோடும் அவர்தம் பிள்ளைகளோடும் இணைந்து தேடும் இவ்விளையாட்டை உங்கள் ஊரிலும் தொடங்கிப் பாருங்கள். முதலில் தேட வேண்டிய எண், உங்கள் வீட்டு வாசற்படியின் எண்ணாக இருக்கட்டும். தாம் நிற்கும் இடத்தை அறிந்த பிள்ளைகள், செல்ல வேண்டிய திசையையும் இன்ஷா அல்லாஹ் அறிந்துகொள்வார்கள்.